போன் வராதவரை நல்ல ரத்தம்

மலேசியாவில், ஜொகூரின் உலு திராம் வட்டாரத்தில் வீரமுத்துவைத் தெரியாதவர்கள் குறைவு. எத்தனை நீளமான லோரியையும் ஒரே முறையில் பின்னால் எடுத்து, சுவருக்கு ஒரு சாண் மிச்சம் வைத்து நிறுத்துவான் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவன் இரத்தம் கொடுப்பவன். கோவில் மண்டபமோ தமிழ்ப்பள்ளியோ பேரங்காடியின் கீழ்த்தளமோ, எங்கே முகாம் நடந்தாலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் கட்டிலில் போய்ப் படுத்துவிடுவான். “முத்து ரத்தம் கெணத்துத் தண்ணி மாதிரி, எறைக்க எறைக்க ஊறும்லா” என்று கோவில் தலைவர் செல்லப்பன் மைக்கில் சொல்லித் தானே சிரிப்பார்.

வீட்டில் கண்ணாடி அலமாரி நிறைய நற்சான்றிதழும் கேடயமும் இருந்தன. மனைவி சந்திரமதி வெள்ளிக்கிழமைதோறும் சாமி படங்களைத் துடைத்த கையோடு அவற்றையும் துடைத்து வைப்பாள். தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் பெண்கள் புருஷன்மாரைப் பற்றிப் புலம்பும்போது இவள் மட்டும் வாய் திறக்க மாட்டாள். திறந்தால், “எங்க வீட்டுக்காரர் குடுக்குற கை” என்பாள். தானும் ஒருமுறையாவது கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. உடம்பில் இரத்தம் போதவில்லை என்று தாதி விரலைக் குத்திப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

இந்த வள்ளல் குணத்துக்குப் பின்னால் இருந்த சங்கதி லோரி யார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

யார்டில் ஒரு வழக்கம் உண்டு. தாய்லாந்து எல்லைப் பக்கம் போய்த் தப்புத்தண்டா செய்துவிட்டு வந்தவன் வாய்விட்டு எதையும் சொல்ல மாட்டான். அடுத்த இரத்ததான முகாம் எங்கே என்று மட்டும் விசாரிப்பான். “ரத்தம் குடு. ஆஸ்பத்திரில சும்மாவே செக் பண்ணுவான். ஏதாச்சும் இருந்தா போன் வரும். போன் வரலன்னா நல்ல ரத்தம்” என்பதுதான் யார்டு வேதம். எய்ட்ஸ் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று கிளினிக் கவுண்டரில் போய் நின்றால், அங்கே உட்கார்ந்திருப்பவள் யாருடைய சின்னம்மா மகளாகவோ இருப்பாள். பொழுது சாய்வதற்குள் கம்பம் முழுக்க, ஊர் முழுக்கப் பரவிவிடும். இரத்தம் கொடுப்பதில் அந்தத் தொல்லை இல்லை. படுத்தால் டெஸ்ட், எழுந்தால் மைலோவும் பிஸ்கட்டும், மேலே கைதட்டல் வேறு. இந்த உபாயத்தைக் கண்டுபிடித்த மகா புத்திசாலி யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம். பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். யார்டில் இருந்ததெல்லாம் அந்தப் பூனைகள்தான்.

வீரமுத்துவை முழுக்க முழுக்க மோசமானவன் என்று தள்ளிவிட முடியாது. சம்பளத்தை வீட்டில் கொடுப்பான், குடித்துவிட்டு லோரி ஓட்ட மாட்டான், மகன் ஜீவன் மூவாரில் படிக்கிறான் என்பதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை. ஆனால் மீன் ஏற்றப் போகும் குளிர்பெட்டி லோரி, எல்லையில் சுங்கக் காகிதத்துக்காகக் காத்துக் கிடக்கும். சில சமயம் ஒரு ராத்திரி முழுக்கக் கிடக்கும். அப்போது யாராவது மோட்டார் சைக்கிளை எடுத்து, “வா முத்து, கொஞ்சம் காத்து வாங்கிட்டு வருவோம்” என்று கூப்பிட்டால் பின்னால் ஏறிவிடுவான். அந்தப் பக்கம் வெறும் காற்று வாங்கவா கடைகள் இருக்கின்றன?

ஷர்மினி என்று ஒரு பெண், சுகாதாரத் தொண்டு அமைப்பிலிருந்து மாதம் ஒருமுறை யார்டுக்கு வருவாள். ஹாரூன் பாயின் தே தாரேக் டீக்கடையில் உட்கார்ந்து, ஆணுறைப் பொட்டலங்களைக் கூச்சப்படாமல் கொடுப்பாள். வீரமுத்து கை நிறைய வாங்குவான். வாங்கி என்ன செய்ய? சட்டைப் பையில் வைத்தால் சந்திரமதி துவைக்கும்போது அகப்படும். அதனால் எல்லாவற்றையும் லோரியில், வெயிலுக்கு மடக்கும் பலகைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தான். யார்டில் எல்லோருமே அங்கேதான் வைப்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை இரவும் லோரி எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றது. உறை லோரியில் பத்திரமாக இருந்தது. வீரமுத்துதான் லோரியில் இல்லை.

சனிக்கிழமை முழுக்க மீனோடு ஜொகூருக்கு ஓட்டி வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை கோவில் மண்டபத்தில் முகாம். தெய்வமே பார்த்து ஏற்பாடு செய்ததுபோல் இருந்தது அவனுக்கு.

அந்த முகாம் லோஷினிக்காக நடந்தது. அவனோடு முன்பு ஒரே கம்பெனியில் லோரி ஓட்டிய ரூபேந்திரனின் மகள் அவள். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். பிறந்ததிலிருந்து தலசீமியா. அவள் உடம்பில் இரத்தம் சரியாக ஊறாது. யாரோ கொடுத்த இரத்தத்தில்தான் மாதாமாதம் அவள் பள்ளிக்கூடம் போகிறாள், சண்டை போடுகிறாள், கணக்கில் கோட்டை விடுகிறாள். வீரமுத்துவுக்கும் அவளுக்கும் ஒரே வகை இரத்தம். அதனால் அவனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. “பி பாசிட்டிவ் மாமா” என்பாள். அவளுக்கு அடுத்த இரத்தம் ஏற்றும் நாள் வருகிற செவ்வாய்க்கிழமை.

தாதி மலாயில் கேட்ட அந்தரங்கக் கேள்விகளுக்கெல்லாம் “தாக் அடா, தாக் அடா” என்று வழக்கம்போல் தலையாட்டினான். இல்லை, இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகிய கை. ஊசி ஏறியது, பை நிறைந்தது. கெட்ட இரத்தமாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள், யாருக்கும் பாதகமில்லை என்றுதான் அவன் அந்த நிமிடம் வரை மனதார நம்பினான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி நாற்காலியில் உட்கார்ந்து மைலோவை உறிஞ்சிக்கொண்டிருந்தான். மைலோவோடு ஒரு சின்னச் சீட்டும் கொடுத்திருந்தார்கள். அதைச் சுருட்டி நிதானமாகக் காது குடைந்துவிட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டான். பக்கத்து மேசையில் ஷர்மினி துண்டுப் பிரசுரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். தங்கராஜு அங்கே வந்து நின்றான். அவனும் யார்டுக்காரன்தான். வாய்க்குப் பூட்டு இல்லாதவன்.

“தங்கச்சி, நானும் குடுக்கலாம்னு பாக்குறேன். போன வாரம் கொஞ்சம் அப்படி இப்படின்னு ஆயிருச்சு. அவங்களே செக் பண்ணிருவாங்கல்ல?”

ஷர்மினியின் கை நின்றது. “அண்ணே, ரத்தம் குடுக்குறது செக்கப் இல்லண்ணே.”

“அதான் மெஷின் இருக்கேலா!”

“இருக்கு. நல்ல மெஷின்தான். ஆனா கிருமி உள்ள போன மொத கொஞ்ச நாளு எந்த மெஷினுக்கும் அது தெரியாது. சுத்தம்னு சொல்லிரும். சுத்தம்னு சொன்னா அந்தப் பைய எடுத்து நேரா ஒருத்தங்களுக்கு ஏத்திருவாங்க. அதோ பாருங்க, அந்தப் புள்ளைக்குக்கூட ஏத்தலாம்.”

அவள் காட்டிய பக்கம் லோஷினி தூணுக்கு பலூன் கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று வெடித்தது. தலையை நிமிர்த்தி எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

“அலமாக்” என்றான் தங்கராஜு. “அப்ப நான் என்னா பண்றது?”

“நீங்க இப்ப ஒரு டெஸ்ட், கொஞ்ச நாள் கழிச்சு ஒரு டெஸ்ட் எடுக்கணும். நானே கூட்டிட்டுப் போறேன். மூணு நாளுக்குள்ள வந்திருந்தா மருந்தே இருக்குண்ணே. ஒரு மாசம் விடாம சாப்பிட்டா கிருமி தங்காம பெரும்பாலும் தடுத்துரலாம். எமர்ஜென்சிக்குப் போய்க் கேட்டாலே போதும். ஆனா எவ்வளவு சீக்கிரம் போறோமோ அவ்வளவுக்கு நல்லது. மூணு நாள் தாண்டிட்டா அவ்வளவுதான்.”

வீரமுத்து மைலோவைக் கீழே வைத்தான். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? அவன் வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். இன்னும் நேரம் இருக்கிறது. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. தாதியின் மேசைக்குக் கீழே நீல நிறக் குளிர்பெட்டி இருந்தது. அதற்குள் அவன் உடம்புச் சூடு ஆறாத பை ஒன்று இருந்தது. அதன்மேல் பி பாசிட்டிவ் என்று எழுதியிருந்தது.

அந்தப் பையை நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டும் என்றால் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்கிற இடத்தில் செல்லப்பன் நிற்கிறார், ரூபேந்திரன் நிற்கிறான், அன்னதான வரிசையில் சாம்பார்க் கரண்டியோடு சந்திரமதி நிற்கிறாள்.

எழுந்து தாதியிடம் போனான். “மிஸி, சாயா மாவ் சாக்காப் சிக்கிட்” என்று ஆரம்பித்தான். கொஞ்சம் பேச வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் தோளில் ஒரு கனமான கை விழுந்தது.

“என்னா முத்து, இன்னொரு பை குடுக்கப் போறியா?” என்றார் செல்லப்பன். “மிஸி, இவர் எங்க ஆளு. லோரிக்காரங்கள்ல தங்கம்!”

வீரமுத்துவுக்கு நெற்றியில் வேர்த்தது, உதடு வெளுத்தது. தாதி அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். கையைப் பிடித்துக் கட்டிலில் சாய்த்து, காலுக்கடியில் தலையணையைத் திணித்தாள். “பெனிங், பெனிங்” என்றாள். தலைசுற்றலாம்! பத்துப் பேர் கூடிவிட்டார்கள். சந்திரமதி ஓடி வந்தாள்.

“ரா முழுக்க லோரி ஓட்டிட்டு, சரியா தூங்காம, பசியாறாம வந்து படுத்தா இப்பிடித்தான் ஆகும். சொன்னா கேக்குறாரா? ரத்தம்னா முன்னால நிக்கணும் இவருக்கு!” திட்டுவதுபோல் இருந்தாலும் அதில் பாதி பெருமைதான். கையில் அகப்பட்ட துண்டுப் பிரசுரத்தை எடுத்து அவனுக்கு விசிறினாள். எச்.ஐ.வி.யைத் தடுப்போம் என்று அதில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அது அவன் கண்முன்னால் போய்ப் போய் வந்தது.

அவளுடைய கைக்கு அப்பால், இரண்டு பேர் நீலப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவது தெரிந்தது. வீரமுத்து எழ முயன்றான். நாலு கைகள் அவனை அமுக்கின. “படுங்கண்ணே!” என்றது ஒரு குரல். “மச்சான், சும்மா கெட!” என்றான் ரூபேந்திரன், அவன் நெஞ்சில் அன்பாகக் கை வைத்து. வெளியே வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

கூட்டம் கலைந்ததும் வீரமுத்து செய்த முதல் காரியம் குப்பைத்தொட்டிக்குப் போனதுதான். அந்தச் சீட்டில் என்னவோ ஒரு தொலைபேசி எண் இருந்த ஞாபகம். கொடுத்த இரத்தத்தைப் பற்றிப் பின்னால் சந்தேகம் வந்தால் மருத்துவமனை இரத்த வங்கியை அழைக்கவும் என்று ஒவ்வொரு முகாமிலும் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு முகாமிலும் அவன் காது குடைகிறான். இப்போது மைலோ டப்பாக்களுக்கு நடுவில் கையை விட்டுத் துழாவினான்.

“என்னா முத்து தேடுற?” மறுபடியும் செல்லப்பன்தான். அந்த மனிதருக்கு இன்று வேறு வேலையே இல்லை.

“சாவி, தலைவரே.”

“சாவி ஒன் இடுப்புல தொங்குதுய்யா!” என்று சிரித்தார். “சீக்கிரம் மேடைக்கு வா. ஒனக்குப் பொன்னாட. லோஷினி பாப்பாதான் போத்துறா. சர்ப்ரைஸுனு சொல்லி வெச்சிருந்தோம், நானே ஒளறிட்டேன் பாரு.”

அவர் போன பிறகு சீட்டு அகப்பட்டது. ஒன்றல்ல, ஒரு கைப்பிடி அகப்பட்டது. மண்டபத்தில் இரத்தம் கொடுத்த அத்தனை பேரும் தூக்கி எறிந்திருந்தார்கள். மைலோ படாத ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு, மண்டபச் சமையல்கட்டுக்குப் பின்னால் காலி அண்டாக்களைச் சூட்டோடு கவிழ்த்து வைத்திருந்த இடத்துக்குப் போனான்.

முதல் தடவை மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவை யாரோ எடுத்து, இருங்கள் என்று சொல்லி, பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றான். வைத்துவிடலாமா என்று விரல் பரபரத்தது. எத்தனை தடவை கொடுத்தாயிற்று, ஒரு தடவையாவது போன் வந்ததா? இந்தத் தடவை மட்டும் என்ன வந்துவிடப் போகிறது? மனிதனுடைய மனம் இருக்கிறதே, அதைப்போல ஒரு வக்கீல் ஜொகூர் பாரு முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டான். அந்த வக்கீல் வாதாடி முடிப்பதற்குள் மறுமுனையில் ஒரு பெண் குரல் வந்துவிட்டது.

பெயரைச் சொன்னான். அடையாள அட்டை எண்ணைச் சொன்னான். “டாரா சாயா… ஜாங்கான் பாக்காய்” என்றான். என் இரத்தத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

அதே நேரத்தில் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி உயிர் பெற்றது. “அன்பார்ந்த பெரியோர்களே! நமது வட்டாரத்தின் இரத்த வள்ளல், யாருக்கு ஆபத்தென்றாலும் ஓடோடி வரும் அன்புச் சகோதரர் வீரமுத்து அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!”

கேட்கவில்லை, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண்.

“ஜாங்கான் பாக்காய்!” காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். “டாரா சாயா தாக் பெர்சே!” என் இரத்தம் சுத்தமில்லை.

ஏன் என்று கேட்டாள். சொன்னான். எப்போது என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றான். அவள் திட்டவில்லை. பெட்டி இன்னும் வந்து சேரவில்லை, வந்ததும் பையைத் தனியாக எடுத்து வைக்கிறேன், எடுத்ததும் நானே உங்களைக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றாள். நீங்கள் இன்றைக்கே, இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள் என்றாள். கடைசியில், “தெரிமா காசே, என்சிக்” என்றாள். நன்றியாம். அந்த நன்றியை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினான்.

சந்திரமதி நின்றுகொண்டிருந்தாள்.

மேடைக்குக் கூட்டிப் போக வந்திருக்கிறாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது. “உங்க ரத்தத்த ஏன் பாக்காய் பண்ணக் கூடாது?” என்றாள்.

மலாயில் சொன்னபோது அது எப்படியோ ஆபீஸ் விஷயம்போல் ஓடிவிட்டது. அதையே தமிழில், இவளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. சூடு ஆறாத அண்டாவில் கையை ஊன்றிக்கொண்டான். சுட்டது. எடுக்கவில்லை.

“எல்லையில… வெள்ளிக்கெழம. அந்தப் பக்கம் போனேன். ஒரு பொம்பளகிட்ட… ஒண்ணும் போடாம.”

“வீரமுத்து அவர்கள் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்” என்றது ஒலிபெருக்கி.

அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கரண்டியை அண்டாவின் மேல் சத்தம் வராமல் வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடித்து அதன் பக்கத்தில் வைத்தாள். “அந்தப் பை லோஷினிக்குப் போகுமா?” என்றாள்.

“தனியா எடுத்து வெக்கிறேன்னாங்க.”

“ஒங்களுக்கு?”

“மருந்து இருக்காம். இன்னிக்கே போகணும்.”

“கார் சாவிய குடுங்க.”

பக்கவாசலில் ஷர்மினி துண்டுப் பிரசுரப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வீரமுத்துவின் கையில் கசங்கியிருந்த சீட்டைப் பார்த்தாள், பிறகு சந்திரமதியின் முகத்தைப் பார்த்தாள். “எமர்ஜென்சில பெப் மருந்துன்னு கேளுங்கண்ணே. அவங்களுக்குத் தெரியும்” என்று மட்டும் சொல்லிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் லோஷினி ஓடி வந்துவிட்டாள். மடித்த பொன்னாடை அவள் இரண்டு கைகளிலும் இருந்தது. அவன் தோளுக்கு அவள் உயரம் எட்டாது என்று மேடையில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்களாம்.

“பி பாசிட்டிவ் மாமா! எங்க போறீங்க? நான்தான போத்தணும்!”

வீரமுத்து குனிந்தான். அவளைத் தொட நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டான். தொட்டால் ஒன்றும் ஆகாது என்று அவனுக்குத் தெரியும். ஷர்மினி யார்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆனாலும் கை போகவில்லை.

“இந்தத் தடவ மாமாவுக்கு வேணாம்டா கண்ணு. அப்பாவுக்குப் போத்து.”

சாலையில் சிங்கப்பூர் கார்கள் வரிசை கட்டி நின்றன. சந்திரமதி ஓட்டினாள். ஒவ்வொரு சிக்னலிலும் அவள் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீரமுத்து வாழ்நாளில் எவ்வளவோ நீளமான சாலைகளை ஓட்டியிருக்கிறான். மருத்துவமனைக்குப் போன அந்தச் சாலை அவற்றையெல்லாம்விட நீளமாக இருந்தது.

“யார்டுல எல்லாருமே இப்பிடித்தானா?” என்று திடீரென்று கேட்டாள்.

“எப்பிடி?”

“தப்பு பண்ணிட்டு வந்து ரத்தம் குடுக்குறது.”

“கெட்ட ரத்தம்னா போன் வரும், வரலன்னா நல்ல ரத்தம்னு சொல்வாங்க” என்று முனகினான். மிச்சத்தை அவளுக்கு யாரும் விளக்கவில்லை. அவளே கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டாள்.

“தைப்பூசம் முடிஞ்சு பள்ளிக்கூடத்துல குடுத்தீங்களே. அதுவும் இதுக்குத்தானா?”

“ம்.”

“தீவாளிக்கு முன்னால?”

“ம்.”

“ஜீவன் பரீட்ச எழுதுனப்ப குடுத்தீங்க. அவனுக்காக வேண்டுதல்னு சொன்னீங்க. நான் பூசாரிகிட்டகூடச் சொன்னேன்.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் துடைத்துத் துடைத்து வைத்த கேடயங்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்துகொண்டிருந்தன. அவளுக்கும் அது தெரிந்தது. குரல் உடைந்தது, ஸ்டீயரிங்கைப் பிடித்த கை மட்டும் உறுதியாக இருந்தது.

“லோஷினிக்கு மொத மொத குடுத்தது நெசமாத்தான் சந்திரா. அதுல ஒண்ணும்…”

“அத நான் கேக்கல.”

அப்போதுதான் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. மருத்துவமனை எண். இத்தனை வருடங்களாக வரக்கூடாது, வரக்கூடாது என்று அவன் சாமி கும்பிட்ட அந்த எண். எடுத்த அவசரத்தில் விரல் ஒலிபெருக்கிப் பொத்தானில் பட்டுவிட்டது. கார் முழுக்க அந்தப் பெண்ணின் குரல் நிறைந்தது. உங்கள் பை வந்துவிட்டது, தனியாக எடுத்து வைத்தாயிற்று, யாருக்கும் ஏற்ற மாட்டோம், கவலைப்படாதீர்கள் என்றாள்.

வீரமுத்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அந்தக் குழந்தை தப்பித்தாள் என்ற நிம்மதியில்தான் அழுதான். தன்னைப் பற்றிய பயம்கூட அந்த நேரத்தில் பின்னால் போய்விட்டது.

சந்திரமதி அவனை அழவிட்டாள். பச்சை விளக்கு விழுந்தது. வண்டியை நகர்த்தினாள்.

“ஒங்களுக்குப் போன் வந்திருச்சு” என்றாள். “இத்தன வருசமா வரல, அதனால நல்ல ரத்தம்னு நிம்மதியா இருந்தீங்க. சரி. என்கிட்டத்தான் ரத்தமே பத்தலன்னு எடுக்க மாட்டேன்னுட்டாங்களே. எனக்கு யாருங்க போன் பண்ணுவா?”

அவன் அழுகை நின்றுவிட்டது. அவளுக்கு என்று ஒரு போன் வேண்டியிருக்கும் என்பது இத்தனை வருடத்தில் ஒருநாளும், ஒரு நொடியும் அவன் புத்தியில் ஏறவில்லை. யார்டில் எவனுக்குமே ஏறியதில்லை. அவன் சந்திரமதியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

அவசரப் பிரிவுக் கவுண்டரில் இருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். “சியாபா சாக்கிட்?” யாருக்கு உடம்பு சரியில்லை?

வீரமுத்து வாயைத் திறந்தான். அதற்குள் சந்திரமதி கைப்பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்துக் கவுண்டரில் வைத்துவிட்டாள். அவனிடம் கையை நீட்டி அவனுடையதையும் வாங்கி அதன் பக்கத்தில் வைத்தாள்.

“டுவா-டுவா” என்றாள். இரண்டு பேருக்கும்.